இரண்டாம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு: மகனின் பள்ளி தந்த வாசிப்பு உதவி, ஒரு வருட அனுபவம்

மகன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், புத்தகப் பையில் மடித்து வைத்த ஒரு பக்கக் கடிதம் வந்தது. "உங்கள் பிள்ளைக்கு டியர் 2 (இரண்டாம் அடுக்கு) வாசிப்பு உதவி தொடங்குகிறோம்" என்று இருந்தது. கையெழுத்துகூடக் கேட்கவில்லை. பிள்ளையை ஸ்பெஷல் எஜுகேஷனில், அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியில், சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி இல்லை என்று புரியவே இரண்டு வாரம் ஆனது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் இன்னும் பலருக்கு இந்தக் கடிதம் வரும். அதனால் எங்களுக்குக் கிடைத்த உதவி எப்படி இருந்தது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்குப் பள்ளியில் எம்.டி.எஸ்.எஸ். (பல அடுக்கு உதவி ஏற்பாடு) என்று பெயர். படிப்புக்கும் நடத்தைக்கும் சேர்த்து மூன்று அடுக்கு. முதல் அடுக்கு எல்லாப் பிள்ளைகளுக்குமான வகுப்புப் பாடம். அது போதாத பிள்ளைகளுக்கு இரண்டாம் அடுக்கில் சிறு குழு. அதுவும் போதாவிட்டால் மூன்றாம் அடுக்கில் இன்னும் நெருக்கமான உதவி. பள்ளியில் இதை முக்கோணமாக வரைந்து காட்டினார்கள்: அடியில் சுமார் 80 சதவீதம், நடுவில் 15, உச்சியில் 5. நோய் வருமுன் காக்கும் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்த படம் அது. 2004-இல் திருத்தப்பட்ட ஐ.டி.ஈ.ஏ. என்ற சிறப்புக் கல்விச் சட்டம், கற்றல் குறைபாட்டைக் கண்டறியும்போது பிள்ளை இத்தகைய உதவிக்கு எப்படி முன்னேறுகிறது என்று பார்க்கலாம் என அனுமதித்தது. 2015-இல் வந்த கல்விச் சட்டம் எம்.டி.எஸ்.எஸ். என்ற பெயருக்கே விளக்கம் எழுதிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து டிபெல்ஸ் என்ற சிறு தேர்வு வைக்கிறார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுவார்கள். பொருளில்லாத குட்டிச் சொற்களையும் வாசிக்கச் சொல்வார்கள். மனப்பாடமாகத் தெரிந்த சொல்லை எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இதுவரை பார்க்காத "வாப்" போன்றதை எழுத்துக்கூட்டினால்தான் சொல்ல முடியும். என் மகன் அந்த நிமிடத்தில் 24 சொல் வாசித்தான், இரண்டாம் வகுப்புக்கு மிகவும் குறைவு. பொருளில்லாச் சொற்களில் ஏறக்குறைய எல்லாமே தவறு. முதல் வகுப்பு முழுக்க அவன் படத்தைப் பார்த்து ஊகித்தே ஓட்டியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்ட நானே கண்டுபிடிக்கவில்லை. ஒரு நிமிடத் தேர்வு கண்டுபிடித்தது. இதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

அடுத்தது குழு. ஆறு பிள்ளைகள், வாரம் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ஒரு நிமிட வாசிப்பை வைத்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். நவம்பர் பெற்றோர் சந்திப்பில் எல்லோரும் "நன்றாக வருகிறான், உற்சாகமான பிள்ளை" என்றார்கள். வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். 24, 25, 23, 26, 24. இலக்குக் கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளையின் புள்ளிகள் தரையோடு கிடக்கின்றன. தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை வழக்கம். அந்தத் தாள் அதே அறையில்தான் இருந்தது, எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இன்னொன்றும் கேட்டேன்: எத்தனை நாள் குழு உண்மையில் நடந்தது? பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதுவரை நடக்க வேண்டியது 33 வகுப்பு, நடந்தது 19. வகுப்பு ஆசிரியர் யாராவது வராத நாளில் குழுவை நடத்தும் ரீடிங் ஸ்பெஷலிஸ்டை (வாசிப்புக்கான தனி ஆசிரியரை) அந்த வகுப்பைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் பாதி மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? நடந்த 19 வகுப்பிலும் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வேகமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஒலி தெரியாத பிள்ளைக்கு வேகப் பயிற்சியால் என்ன பயன்?

குழுவில் சேர்த்தாலே போதும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு சான்று: அமெரிக்கக் கல்வித் துறை 13 மாநிலங்களில் 146 பள்ளிகளைப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதல் வகுப்பில் உதவிக்கான மதிப்பெண் எல்லைக்குச் சற்றே கீழே இருந்து உதவிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், சற்றே மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். முறையே தவறு என்று நான் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், எத்தனை நாள், யாருக்கு எது தேவை என்பதைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு வழியைத் திறந்தது வாசிப்புப் பக்கம் இல்லை, நடத்தைப் பக்கம். அக்டோபரிலிருந்து வாசிப்பு நேரம் வந்தாலே அவன் பாத்ரூம் போக வேண்டும் என்பான். ஒரு நாள் தாளைக் கிழித்திருக்கிறான், இன்னொரு நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அதனால் நடத்தையிலும் இரண்டாம் அடுக்கு: செக் இன் செக் அவுட். காலையில் ஐந்து நிமிடம் கவுன்சிலரைப் பார்த்து அட்டை வாங்க வேண்டும். ஒவ்வொரு பாட வேளைக்கும் ஆசிரியர் 0, 1, 2 என்று புள்ளி போடுவார். மாலையில் கவுன்சிலரிடம் காட்டி, வீட்டில் எங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 80 சதவீதம் எடுத்தால் அன்றைய இலக்கு முடிந்தது. பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பயன்படுகிறது. என் மகன் காலையில் ஆசையாக அட்டையை வாங்கிக்கொண்டு போவான், மாலையில் முகம் வாடி வருவான்.

மூன்று வார அட்டைகளையும் ஒரு மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தவர் அந்தக் கவுன்சிலர்தான். கணக்கில் 2, விளையாட்டில் 2, மதிய உணவில் 2, பூஜ்ஜியம் எல்லாம் ஒரே கட்டத்தில். "இவன் சேட்டைக்காரன் இல்லை அம்மா, புத்தகத்திடமிருந்து தப்பிக்கிறான்" என்றார். அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு டிசம்பர் முதல் வாரம் வாசிப்புக் குழுவின் கூட்டத்துக்கு அவரே வந்தார். வரைபடமும் அட்டையும் அன்றுதான் முதல் முறையாக ஒரே மேசையில் இருந்தன. படிப்பையும் நடத்தையையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்கு என்ன அர்த்தம் என்று அன்று புரிந்தது. கூட்டம் நாற்பது நிமிடம்தான். அதில் முடிவானதை செப்டம்பரிலேயே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் வலிக்கிறது.

ஜனவரியில் மூன்றாம் அடுக்கு. இரண்டே பிள்ளைகள், தினமும் நாற்பது நிமிடம், ஸ்பெஷலிஸ்டை வேறு வகுப்புக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் உறுதி. தாளில் கட்டங்கள் வரைந்து, ஒரு சொல்லில் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வில்லையை நகர்த்த வைத்தார்கள். பிறகு அந்த ஒலிக்குரிய எழுத்து. பிறகு அவன் படித்த எழுத்துகள் மட்டுமே வரும் சிறு புத்தகங்கள், படத்தைப் பார்த்து ஊகிக்க இடமில்லாதவை. வாரம் ஒரு புள்ளி: 27, 31, 30, 36. அட்டையையும் மாற்றினார்கள். முடியாதபோது "இடைவேளை வேண்டும்" என்று கேட்டால் அதற்கும் புள்ளி உண்டு. மார்ச் மாதம் பாத்ரூம் போவது தானாகவே நின்றது.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தோம். "இரண்டு மொழி பேசும் பிள்ளை, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்" என்று முதல் வகுப்பில் சொல்லிவிட்டார்கள், நாங்களும் நம்பிவிட்டோம். வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தோம். நல்லவேளை, நிறுத்தவில்லை. வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை, "க என்று தனியாகச் சொல்கிறான், கி, கு என்று உயிர்க்குறி சேர்ந்தால் ஒலியைப் பிரிக்கத் தெரியவில்லை" என்று சொல்லியிருந்தார். இரண்டு மொழியிலும் தடுமாற்றம் ஒரே இடத்தில். ஜனவரியில் பள்ளிக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சொல்லி, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையான மதிப்பீடு வேண்டும் என்று கேட்டேன். மூன்றாம் அடுக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுக்கு உதவியைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன், ஒரு வாரத்தில் ஒப்புதல் படிவம் வந்துவிட்டது. கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாள் என்பது கூட்டரசின் வரம்பு, மாநிலம் தனக்கென வேறு கெடு வைத்திருந்தால் அது. ஏப்ரலில் முடிவு வந்தது: டிஸ்லெக்சியா, சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. இப்போது ஐ.ஈ.பி. (சிறப்புக் கல்வியில் அவனுக்கென எழுதிய தனித் திட்டம்) இருக்கிறது, மூன்றாம் அடுக்கின் அதே பாடமும் தொடர்கிறது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இரண்டு, ஜனவரிக்குப் பிறகு ஐந்து. பள்ளி அதே பள்ளி, ஆட்களும் அதே ஆட்கள். கடிதம் வந்த முதல் வாரமே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: எந்தத் திறனுக்காகக் குழு, எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்பு உண்மையில் நடந்தது, வரைபடத்தின் நகல். வாய்மொழியாக "நன்றாக வருகிறான்" என்பதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

மே கடைசி வாரம் 67 சொல். வகுப்பின் இலக்குக்கு இன்னும் கீழேதான். மூன்றாம் வகுப்பில் புது ஆசிரியர் வருவார், எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து கண்டுபிடிக்கக் கூடாது. அதனால் வரைபடத்தையும் அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் கூட்டம் வைக்கக் கேட்டிருக்கிறேன். கவுன்சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.