வண்டி ஓட்டாதவரின் கணக்கில் ஒரு புறநகர்: சொந்த வீட்டில் நீண்ட காலம் வாழ்ந்த அனுபவம்

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு புறநகர்க் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசித்து வருகிறோம். இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எங்கள் பகுதியைப் பற்றி விசாரிக்கும்போது, பெரும்பாலும் மனையின் அளவு, கட்டுமானத்தின் தரம், பிற்காலத்தில் விலை ஏறுமா என்பவற்றையே கேட்கிறார்கள். அவை கேட்கப்பட வேண்டியவைதாம். ஆனால் இத்தனை காலம் இங்கே குடியிருந்த பிறகு நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் கேள்வி வேறு: குடும்பத்தில் வண்டி ஓட்டாதவர் யாரோ, அவர் யாருடைய துணையும் இல்லாமல் அந்தப் பகுதியில் ஒரு சாதாரண நாளைக் கழிக்க முடியுமா?

வீட்டுக் கடன் இருபது, முப்பது ஆண்டுகள் நீளும். அதை அடைத்து முடிப்பதற்குள் குடும்பத்தில் ஒவ்வொருவரின் வயதும் வேறு கட்டத்துக்குப் போய்விடும். நாங்கள் குடிவந்தபோது பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்கவில்லை. அம்மா தாமே ஸ்கூட்டரில் போய் வருவார். சில ஆண்டுகளில் பார்வை மங்கியதால் அவர் வண்டியை விட்டார். அதே காலத்தில் பிள்ளைகள் தனியாக வெளியே போக விரும்பும் வயதை எட்டினார்கள். வீட்டைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நடுவயதினர், அவர்கள் வண்டியில் வந்து பார்க்கிறார்கள்; அந்த முடிவின் பலனை நாள்தோறும் அனுபவிப்பவர்களோ சிறுவர்களும் முதியவர்களும். இந்த இடைவெளியை வீடு வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கள் இறுதித் தேர்வுக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் மனை பெரியது, வீடு புதியது. தெருக்களெல்லாம் முட்டுச்சந்துகளாக முடிந்து, ஒரே நுழைவாயில் வழியாக வெளிச்சாலையில் சேர்ந்தன. மற்றொன்றில் வீடு சிறியது, பழையது. தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்து, எந்தத் திசையில் நடந்தாலும் வேறொரு தெருவில் கொண்டுபோய் விட்டன. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு இடங்களிலிருந்தும் கடைத்தெரு ஏறத்தாழ ஒரே தொலைவில்தான் இருந்தது. ஆனால் முதல் பகுதியில் சுற்றுச்சுவருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் மருந்துக் கடைக்குப் போக, நுழைவாயில் வரை சென்று திரும்பி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நேர்க்கோட்டில் அளக்கும் தொலைவுக்கும் காலால் நடக்கும் தொலைவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை. நாங்கள் இரண்டாவது பகுதியைத் தேர்ந்தெடுத்தோம்.

நடந்துபோகும் தொலைவை அடிப்படையாக வைத்துக் குடியிருப்பை வகுப்பது புதிய சிந்தனை அன்று. அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் முன்வைத்த அமைப்பில் தொடக்கப் பள்ளி நடுவில் இருக்கும்; வீடுகள் ஏறத்தாழ கால் மைல், அதாவது 400 மீட்டர் ஆரத்துக்குள் அமையும்; விரைந்து செல்லும் வாகனங்களுக்கான பெருஞ்சாலைகள் எல்லையோடு நின்றுவிடும். சராசரி வேகத்தில் நடப்பவருக்கு 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்வதை எங்கள் பகுதியில் கண்டிருக்கிறேன். ஆனால் பெர்ரி கடைகளை எல்லையில், பெருஞ்சாலைகள் சந்திக்கும் முனைகளில் வைத்தார். அதே வழியில் அமைந்த பகுதிகளில், தேவையான கடை சாலையின் எதிர்ப்பக்கம் இருந்துவிட்டால், முதியவர் ஒரு பொட்டலம் மாத்திரை வாங்குவதற்கும் அந்தப் பெருஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். ஆகவே தொலைவை அளந்த பிறகு, வழியில் எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும், எங்கே கடக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதில் நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டு அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது சாலையைக் கடக்கும் இடம்தான். இங்கிலாந்தில் நடப்போருக்கான பச்சை விளக்கின் நேரம், ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பார் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டு வந்தது. ஆனால் அங்குள்ள 65 வயதுக்கு மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் அந்த வேகத்தை எட்டுவதில்லை என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க 1.2 மீட்டர் வேகத்தில் 12 வினாடிகள் போதும், 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்குப் பதினேழு வினாடிகளுக்கு மேல் ஆகும். அந்த ஐந்து வினாடி வித்தியாசத்தில் ஒரு முதியவர் நடுச்சாலையில் நிற்கிறார். எங்கள் பகுதியின் பிரதான சாலையில் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு இருக்கிறது. அம்மா இன்றும் தனியாகக் கடைக்குப் போய் வருவதற்கு அதுவே முதற்காரணம். வீடு பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தின் மூத்தவரை அழைத்துக்கொண்டு, அவருடைய வேகத்தில் அந்தச் சாலையை ஒருமுறை கடந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வாகனப் பெருக்கம் கடப்பதை மட்டும் பாதிப்பதில்லை. நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து அளவில் மட்டும் பெரிதும் வேறுபட்ட மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் ஓடிய தெருவில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. எங்கள் தெரு உள்ளடங்கிய தெரு. பக்கத்து வீட்டாரோடு நட்பு பெருக எங்கள் குணத்தைவிட இந்த அமைப்பே உதவியது என்று நம்புகிறேன். தெரிந்த முகங்கள் உள்ள தெருவில்தான் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் துணிகிறது. இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 1971இல் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர் என்றும், 1990இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கியது என்றும் பிரிட்டிஷ் ஆய்வாளர் மேயர் ஹில்மன் குழுவினர் பதிவு செய்தனர். எஞ்சிய பிள்ளைகளோடு ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவர் போய்வர வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். அது பிள்ளையின் சுதந்திரத்தையும் பெரியவரின் நேரத்தையும் ஒருசேர எடுத்துக்கொள்கிறது.

வேலைக்குப் போகிறவரின் பயணத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தைச் சுற்றியே அமைகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே ஆகிய பொருளியலாளர்கள், நீண்ட நேரம் பயணம் செய்வோரின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருப்பதைக் கண்டனர்; மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்டவில்லை. என் பயணமும் குறுகியது அன்று. இருந்தும், வீடு திரும்பிய பிறகு யாரையும் எங்கும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை என்பதால் மாலைப்பொழுது எனக்கென்று மிஞ்சுகிறது. தூரத்துப் புறநகர்களில் வசிக்கும் சக ஊழியர்களுக்கு அலுவலகப் பயணம் முடிந்த பிறகும் வகுப்புக்கும் விளையாட்டுக்கும் மருத்துவரிடமும் அழைத்துப் போகும் பயணங்கள் காத்திருக்கின்றன.

பேருந்து நிறுத்தம் அருகில் இருக்கிறது என்ற ஒரு வரியை நம்பி முடிவெடுக்கலாகாது. அரைமணிக்கு ஒரு பேருந்து என்றால், நேர அட்டவணை பார்க்காமல் வருபவர் சராசரியாகக் கால்மணி நேரம் நிற்க வேண்டும். நிழற்குடையும் உட்காரும் இடமும் இல்லாத நிறுத்தத்தில் எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய சோதனை. முதல் பேருந்து, கடைசிப் பேருந்து, விடுமுறை நாள் இடைவெளி ஆகிய மூன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்தே எல்லை வகுக்கிறது.

வெள்ள அபாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறாண்டு வெள்ளம் என்பது நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று பொருள்படாது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் அது. முப்பதாண்டுக் கடன் காலத்துக்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு. வீட்டின் தளம் உயரமாக இருந்தால் மட்டும் போதாது; வெளியே போகும் வழி சுரங்கப்பாதை வழியாகவோ தாழ்வான பாலத்தின் மேலோ அமைந்திருந்தால், வீடு நனையாமலே குடும்பம் உள்ளே அடைபடும். பல வழிகள் கொண்ட பகுதியில் ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று திறந்திருக்கும். எங்கள் பகுதியில் பெருமழைக் காலங்களில் இதை நேரில் பார்த்திருக்கிறோம்.

இந்தத் தேர்வில் நாங்கள் விட்டுக்கொடுத்தவையும் உண்டு. அறைகள் சிறியவை, பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்கும் இடத்துக்கு நெருக்கடி. பழைய மரங்கள் நல்ல நிழல் தருகின்றன, ஆனால் அவற்றின் வேர்கள் நடைபாதைக் கற்களைத் தூக்கிவிடுவதால் உள்ளாட்சிக்கு அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது. விருந்தினரின் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இவற்றில் அறையின் நெருக்கடியை மட்டுமே பெரிய குறையாகக் கருதுகிறேன். அதையும் மாடியில் ஓர் அறை எழுப்பி ஓரளவு சரிசெய்துவிட்டோம். முதல் பகுதியின் சுற்றுச்சுவரை உடைத்து மருந்துக் கடைக்கு ஒரு வழி திறப்பது எந்த வீட்டு உரிமையாளராலும் தனியாக முடிந்திருக்காது.

இப்போது எங்களுக்குக் கவலை தருவது பிரதான சாலையை அகலப்படுத்தும் யோசனை. வீடு வாங்கும்போதே திட்ட வரைபடத்தில் அந்தச் சாலையின் எதிர்கால அகலத்தைப் பார்த்துவைத்திருந்ததால் செய்தி புதிதாகத் தோன்றவில்லை. புதிதாக வாங்குகிறவர்களும் தங்கள் பகுதிக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாலை அகலமானாலும் நடுத்திட்டை எடுக்கக் கூடாது, பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று குடியிருப்போர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து அம்மாவுடையது.