நீலகிரி ஓடைகளை க்யூஜிஐஎஸ்ஸில் அளக்கும்போது

குன்னூர் பக்கம் மண், நீர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். ஒரு நீர்வடிப்பகுதியின் (மழைநீர் ஓர் ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பின்) வடிவம், ஓடைகளின் நீளம், வரிசை எல்லாவற்றையும் சில வருடங்களாக க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில்தான் எடுக்கிறேன். செங்குத்துச் சரிவில், சாலை வெட்டிய இடங்கள் தவிர, அது தரும் கோடுகளைப் பெரும்பாலும் நம்பலாம். மேலே ஊட்டிப் பக்கத்து மேட்டுநிலத்தில் மட்டும், நடந்து பார்க்காமல் எதையும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

செலவு ஒன்றும் இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ராடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகவே கிடைக்கிறது. நீலகிரி மாவட்டம் ஏறக்குறைய முழுவதும் ஒரே டைலில் (தரவுத் துண்டில்) வந்துவிடும். சுமார் 25 எம்பி, சாதாரண லேப்டாப் போதும். முதல் வேலையாக அதை மீட்டரில் அளக்க உதவும் யூடிஎம் வரைபட முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் க்யூஜிஐஎஸ்ஸுக்குள்ளிருந்தே இயக்கக்கூடிய கிராஸ் மென்பொருளின் ஆர்.வாட்டர்ஷெட் கருவி, தண்ணீர் ஓடும் வழியைக் கணக்கிடுவது. அதற்கு உயரத் தரவில் உள்ள குழிகளை முன்கூட்டி நிரப்ப வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. இதே வேலைக்கு சாகா என்ற இன்னொரு மென்பொருளின் கருவிகள் பழகியவர்கள் புதிய பதிப்புகளில் தனியாகச் செருகுநிரல் போட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்தான்: எத்தனை கட்டங்களின் தண்ணீர் சேர்ந்தால் அதை ஓடை என்று எடுத்துக்கொள்வது? 100 என்று கொடுத்தால் 9 ஹெக்டேர், 500 என்றால் 45 ஹெக்டேர். அதே மலை, அதே தரவு. ஆனால் ஓடை அடர்த்தி (பரப்புக்கு எவ்வளவு ஓடை நீளம்) வேறு, ஸ்ட்ராலர் வரிசை (கிளைகள் சேரச் சேர ஓடைக்குக் கூடும் படிநிலை எண்) வேறு, கிளைப்பு விகிதமும் (ஒரு வரிசை ஓடைகளுக்கும் அடுத்த வரிசை ஓடைகளுக்கும் உள்ள எண்ணிக்கை விகிதம்) வேறு. இந்த எண்ணைச் சொல்லாமலே அட்டவணை போடும் ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது, உழைப்பு வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

சரியான எண் தரையில்தான் கிடைக்கும். மேட்டுநிலத்துச் சதுப்புகளில் தண்ணீர் புல்லுக்கடியில் கசிந்தே நகரும், கரை என்று ஒன்று இருக்காது. சதுப்பு முடிகிற இடத்தில்தான் ஓடை பிறக்கும். மென்பொருளோ அதற்கு வெகு மேலேயே நீலக்கோடு போட்டிருக்கும். தேயிலைச் சரிவில் இதற்கு நேர்மாறு. சாலையோர வாய்க்கால் தண்ணீரையெல்லாம் ஒரு சிறுபாலத்தில் கொண்டுவந்து கொட்டும், அதற்குக் கீழே மண் அரித்துப் புது ஓடையே உண்டாகியிருக்கும். 30 மீட்டர் கட்டத்துக்கு அந்தச் சாலை தெரியவே தெரியாது. அதனால் இரண்டு நிலத்துக்கும் ஒரே எண் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

சோலையும் கவனிக்க வேண்டியது. நம் மலையில் சோலைகள் (அடர்ந்த மலைக்காடுகள்) பள்ளமான மடிப்புகளில்தான் வளர்கின்றன, மேடு புல்வெளி. ராடார் அலை தரைவரை போகாமல் மரத்தலையிலேயே பெருமளவு திரும்பிவிடுவதால், ஓடை தொடங்கும் அந்த மடிப்பே தரவில் மேடேறி நிற்கும். அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா அணைநீர்ப் பரப்புகளில் இன்னொரு தொல்லை: தட்டையான நீர்மேல் இணைகோடுகளாக ஓடைகள் முளைக்கும். ஏரியின் எல்லையை வரைந்து அதற்குள் விழும் கோடுகளை நீக்கிவிட்டுத்தான் நீளம் கணக்கிடுகிறேன்.

வட்டத்தன்மை விகிதம் (நீர்வடிப்பகுதி எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்பதைப் பரப்பையும் சுற்றளவையும் வைத்துச் சொல்லும் எண்) எடுப்பவர்களுக்கு ஒன்று. கட்டங்களிலிருந்து வரும் எல்லைக்கோடு படிப்படியாக இருக்கும். சாய்ந்து போகும் எல்லையில் சுற்றளவு 1.41 மடங்குவரை கூடும். சூத்திரத்தில் சுற்றளவு வர்க்கமாக வருவதால் விகிதம் பாதியாகக்கூட இறங்கிவிடும், உருண்டையான நீர்வடிப்பகுதி நீளமானது என்று அறிக்கையில் ஏறும். வெள்ளம் எவ்வளவு சீக்கிரம் திரளும் என்பதை அந்த வடிவத்தை வைத்துத்தானே சொல்கிறோம்? எல்லையை வழவழப்பாக்கிய பிறகே அளந்துகொள்ளுங்கள்.

இப்போது எஸ்ஆர்டிஎம்மை விட்டு, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவுக்கு மாறிவிட்டேன். மலைமுகடுகள் அதில் கூர்மையாக வருகின்றன, நீர்பிரி எல்லை சுத்தமாகக் கிடைக்கிறது. சோலைப் பிரச்சினை அதிலும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்கலாம்.