விடுதி அறைக்கு ஏற்ற சிறு வானொலிப் பெட்டி

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய மின்பொருள் கடைகளில் எஃப்எம், மெமரி கார்டு, புளூடூத் மூன்றும் சேர்ந்த கையடக்க ஒலிபெருக்கிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. நான் 22 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய பெட்டியில் நிறுவனத்தின் பெயரென்று சொல்லத்தக்க எதுவும் அச்சிடப்படவில்லை.

கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே என்பவர்கள் ஊழியர் விடுதியில் தங்கியிராதவர்கள். துவாஸ் கப்பல் பட்டறையில் ஓவர்டைம் முடித்துத் திரும்பியவர் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்தால் அந்த இளைப்பாறல் அவரோடு நின்றுவிடும். பெட்டியை நடுவில் வைத்து இங்குள்ள தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ஐத் திருப்பினால், முகவருக்குக் கட்டிய பணத்தின் வட்டியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவரும் சரணம் வரும்போது தலையை நிமிர்த்திச் சேர்ந்து பாடுவார். 2020 ஏப்ரலில் விடுதிகள் முடக்கப்பட்டபோது, அதுவரை முகம் பார்த்துப் பேசியிராத புதுக்கோட்டைக்காரரும் கடலூர்க்காரரும் எங்கள் அறையில் பழகியது, ஒலிக்கும் பாட்டைப் பாடியவர் யார் என்று வழக்காடித்தான். எஃப்எம்முக்கு டேட்டா செலவும் இல்லை.

ஒலித்தரத்தைப் பொறுத்தவரை குரலும் நாகசுரமும் தெளிவாகவே கேட்கின்றன. ஆனால் ஊரிலிருந்து வந்த ஒருவர் மெமரி கார்டில் கொண்டுவந்த எங்கள் பக்கத்துத் திருவிழாப் பதிவைப் போட்டபோது, தவிலின் வலப்பக்க முகமான வலந்தலை மட்டும் சடசடத்தது. இடப்பக்க முகமான தொப்பியின் கனத்த ஒலியும் உறுமியின் முழக்கமும் இருந்த இடமே தெரியவில்லை. இவ்வளவு சிறிய ஒலிபெருக்கியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே அலைவரிசை இரைவதால், ஆன்டெனாவை முழுதாக நீட்டிச் சன்னலோரம் வைக்க வேண்டும்.

பெரிய குறை வேறொன்று. பெட்டியை இயக்கியதும், புளூடூத் இணைந்ததும், ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் உரக்க அறிவிக்கிறது. அதைக் குறைக்க வழியே இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட தரநிலை புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேர் வரை அனுமதிக்கிறது. அத்தனை பேரில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். வடிவமைத்தவர் இதை நினைத்தே பார்க்கவில்லை போலும்.

வாங்குவோர் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய வகையையே கேட்டு வாங்க வேண்டும். உள்ளேயே பொருத்தப்பட்டது பழுதானால் பெட்டியே வீண். வண்ண விளக்குகளுக்காகக் கூடுதலாக 10 வெள்ளி கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.