கிரிப்டோ வாங்கிய விலை: வாங்கிய தளத்தின் பதிவா, காயின்கெக்கோவா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பிட்கொயின் வாங்கும் நம் பிள்ளைகள் பலர் வரிக்கணக்கு எழுதும்போது, வாங்கிய விலையை வாங்கிய தளத்தின் பதிவிலிருந்து எடுப்பதா, காயின்கெக்கோ என்ற விலை காட்டும் இணையத்தளத்திலிருந்து எடுப்பதா என்பதில்தான் தடுமாறுகிறார்கள். என் தெரிவு, வாங்கிய தளத்திலிருந்தே இறக்கும் சிஎஸ்வி கோப்பு (எக்செலில் திறக்கக்கூடிய பட்டியல்). நீங்கள் உண்மையில் கொடுத்த விலையும் கட்டணமும் அதில்தான் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலும் அதில் நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாம் 5 மணி 30 நிமிடம் முன்னால், அதனால் ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்து மணிக்கு வாங்கியது மார்ச் 31 என்று பதிவாகி முந்தைய வரியாண்டுக்குள் போய்விடும்.

காயின்கெக்கோ காட்டுவது பல சந்தைகளின் சராசரி, நீங்கள் கொடுத்த காசு அல்ல. சரி, தளமே மூடிவிட்டது, பதிவும் இல்லை என்றால் காயின்கெக்கோவைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் திகதிக்குரிய பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.