தோட்டக் குளத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி போட்ட நாலு அங்குலக் கான்கிரீட் தளம், நடுவில் சின்ன நீரூற்று, இரண்டு அல்லித் தொட்டி, கொஞ்சம் கப்பி மீன். இந்தக் குளத்தின் உட்புறம் முழுக்க அடித்திருப்பது, பவுடரும் திரவமும் தனித்தனியாக வரும் அக்ரிலிக் சிமெண்டுப் பூச்சு. ஆறு ஆண்டு ஆகிறது. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பரப்பில் ஓர் இடம்கூட உரியவில்லை. தொல்லை வந்ததெல்லாம் நீர்மட்டக் கோட்டில், குழாய் நுழையும் துளையில், சுவரின் மேல்விளிம்பில். இந்த மூன்று இடங்களையும் ஒழுங்காகச் செய்துவிட்டால், நடுத்தர விலைப் பூச்சே போதும் என்பதுதான் கண்ட அனுபவம்.

பூச்சு வகையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளைக் குளிர்ச்சி பெயிண்டைக் குளத்துக்கும் அடித்துவிடுகிறார்கள். மாடியில் மழை பெய்கிறது, வடிகிறது, காய்கிறது. அதற்கென்று செய்த பெயிண்ட் அது. ஓயாமல் தண்ணீரில் ஊறினால் மிருதுவாகிக் கொப்புளம் கட்டி, தோல் தோலாகக் கழன்று வந்துவிடும். வாங்கும்போது டப்பாவில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றது, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கலாம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எபாக்சி என்பது இரண்டு பகுதியாக வந்து, கலந்ததும் இறுகும் பிசின் பூச்சு. அதில் நிலக்கரித் தார் கலந்த கறுப்பு வகை மீனுக்கு ஆகாது. சாதாரண எபாக்சி கெட்டியானது, ஆனால் விரிசல் விட்டால் சுவரோடு சேர்ந்து வளைந்து கொடுக்காது. ஈரம் காயாத சுவரில் அடித்தால் பின்னாலிருந்து நீர் தள்ளிக் குமிழ் குமிழாகும். பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பூச்சு நன்றாக இழுபடும், ஆனால் அதற்கும் நன்கு காய்ந்த சுவர் வேண்டும், விலையும் கூட. கரிசல் மண்ணில் குளம் கட்டுகிறவர்கள் பூச்சை நம்பவே வேண்டாம். மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கி அந்த மண் சுவரையே பிளக்கும். அங்கே ரப்பர் விரிப்புதான் சரி.

அளவுக் கணக்கு. தளம் 24 சதுர அடி, உட்சுவர் நாலும் சேர்ந்து 40, சுவரின் தலைப்பகுதி 17. மொத்தம் 81 சதுர அடி, அதாவது ஏழரைச் சதுர மீட்டர். இரண்டு கோட் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் கனம் வர வேண்டுமானால் சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு கிலோ கலவை பிடிக்கும். ஆக 15 கிலோ. மூலைகளுக்கும் சேதாரத்துக்கும் மூன்று கிலோ கூட வைத்து 18 கிலோ. சுவரின் தலையைக் கணக்கில் விட்டுவிட்டு, கடைசியில் இருப்பதை இழுத்து இழுத்துத் தேய்ப்பதால்தான் மேல்பகுதி எப்போதும் மெலிந்துபோகிறது.

வேலையில் பாதி, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. புதிதாகச் சிமெண்டு பூசிய சுவராக இருந்தால் 28 நாள் விடுவது நல்லது. பழைய சுவரில் பாசி, எண்ணெய்ப்பசை, உப்புப் பூத்த வெள்ளை, சிமெண்ட் பால் காய்ந்த மெல்லிய படலம் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கரணைக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தால் பொள்ளலான இடம் தனியாக ஒலிக்கும். அதைக் கொத்தி எடுத்து மறுபடி பூசுங்கள். தளமும் சுவரும் சேரும் செங்குத்து மூலையை அப்படியே விடக்கூடாது. சிமெண்டுக் கலவையை இரண்டு அங்குலத்துக்கு வளைவாக இழுத்து, அதன்மேல் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஆறு அங்குல அகலக் கண்ணாடியிழை வலையைப் பதிக்க வேண்டும். குளம் நிறைந்ததும் சுவர் வெளியே தள்ளப்பட, தளம் கீழே அமுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இழுபடுவது அந்த மூலைதான்.

குழாய்த் துளையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பி.வி.சி. குழாய் வழவழப்பானது, சிமெண்டு அதைப் பிடிக்காது. பூசிய அன்று இறுக்கமாகத் தெரியும். சிமெண்டு காய்ந்து சுருங்கியபின் குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழும்; தண்ணீருக்கு அது போதும். இதற்குக் கொத்தனார்கள் செய்கிற கைவைத்தியம் உண்டு. குழாயை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, பி.வி.சி. பசையைத் தடவி, அது காய்வதற்குள் உலர்ந்த மணலைச் சுற்றிலும் தூவிவிடுவார்கள். மணல் ஒட்டிய அந்தச் சொரசொரப்பை சிமெண்டு கவ்விக்கொள்ளும். இந்தக் குளத்தில் வடிகால் குழாய்க்கு அப்படிச் செய்தது. இன்றுவரை சொட்டு இல்லை. நீரூற்று மோட்டாரின் ஒயருக்காகச் சுவரில் போட்ட துளைக்கு அதைச் செய்யவில்லை. இரண்டாம் ஆண்டே வெளிச்சுவரில் ஓதம் தெரிந்தது. அந்தத் துளையை அடைத்து, ஒயரைச் சுவருக்கு மேலாகக் கொண்டுவந்த பிறகுதான் நின்றது. ஒயருக்கென்று நீர்மட்டத்துக்குக் கீழே துளை போடாமல் இருப்பதே மேல்.

அடிக்கும் நாளுக்குத் தமிழ்நாட்டில் தை, மாசி பொருத்தம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கோடையில் செய்தே ஆக வேண்டுமென்றால் வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். சூடான சுவர் கலவையின் நீரை உடனே உறிஞ்சிவிடும். ஊசிமுனைத் துளைகள் விழும். சுவரை முதலில் நனைத்து, மினுமினுக்கும் நீர் வற்றி, கை வைத்தால் ஈரம் மட்டும் தெரிகிற நிலையில் அடிக்க வேண்டும். திரவத்தை வாளியில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மெதுவாகச் சுற்றும் டிரில்லில் கலக்குங்கள். விகிதம் டப்பாவில் இருப்பதுதான். எடை போட்டே கலக்க வேண்டும், கண்ணளவு ஆகாது. அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவே ஒரு தடவைக்கு. இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு இளக்கினால் அந்தப் பகுதி பின்னால் மாவாக உதிரும். முதல் கோட் மேலும் கீழுமாக, நாலைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது கோட் குறுக்காக. முதல் கோட்டில் விட்டுப்போன துளையை இரண்டாவது மூடுவது இந்தக் குறுக்குவாட்டில்தான்.

அடுத்து வருவது, நல்ல கொத்தனார்களே தவறுகிற இடம். சிமெண்டு என்றாலே தண்ணீர் காட்ட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே குளத்தை நிரப்பிவிடுவார்கள். அக்ரிலிக் கலந்த வளைந்துகொடுக்கும் பூச்சு, நீர் வெளியேறினால்தான் படலமாக இறுகும். அதற்குக் காற்றில் ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். அவசரப்பட்டு நிரப்பினால் மேல்படலம் பால்போலக் கரைந்து தண்ணீர் வெளுக்கும். சிமெண்டு மட்டுமே உள்ள, துளைக்குள் படிகம் வளர்க்கும் வகைக்கு நேர்மாறு. அதை மூன்று நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். எந்த வகை என்று தெரிந்துகொண்டு தண்ணீரைத் தொடுங்கள்.

மீன் விடுவதற்கு அவசரம் வேண்டாம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து, அழுகியதும் நீரைக் கொட்டிக் கழுவுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி. அதன்பின் இன்னும் இரண்டு தடவை நிரப்பி வடித்து, காரத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 8.5க்குக் கீழே வந்து ஒரு வாரம் நிலைத்து நின்றபிறகே மீன்.

இனி ஆண்டுகள் கடந்ததில் தெரிந்தவை. முதல் ஆண்டில் பாசி படர்ந்து சாம்பல் நிறம் பச்சையாகிறது. அதனால் பூச்சுக்குக் கெடுதல் இல்லை. மூன்றாம் கோடையில் நீர்மட்டத்துக்கு மேலே நாலு அங்குலப் பட்டை வெளுத்து, விரலில் தேய்த்தால் மாவு ஒட்டியது. அந்தப் பட்டை பகலில் வெயிலில் காய்ந்து, நீரூற்றுத் தெறிப்பில் நனைந்து, மறுபடி காய்கிறது. அங்கே மட்டும் தண்ணீரை எட்டு அங்குலம் இறக்கி, சுரண்டி, மேலும் ஒரு கோட் கொடுத்தது. நாலு அடி அகலக் குளத்துக்கு இரண்டு கிலோ போதுமாக இருந்தது.

மேல்விளிம்பு சொன்ன பாடம் இன்னும் பெரிது. முதலில் பூச்சு சுவரின் உள்விளிம்போடு நின்றுவிட்டது. மேலே பதித்த கல்லுக்கு அடியிலிருந்த வெறும் சிமெண்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுத்து வெளிச்சுவருக்குக் கொண்டுபோனது. விரிசல் எங்கும் இல்லை, ஆனாலும் வெளிப்பக்கம் கீழ்வரை ஈரம். கல்லைப் பெயர்த்து, சுவரின் தலை முழுக்கப் பூச்சைக் கொண்டுவந்து, அதன்மேல் கல்லைப் பதித்தபின் சுவர் காய்ந்தது. மேலே சொன்ன 17 சதுர அடி அதற்காகத்தான்.

தண்ணீர் குறைகிறதென்றால் உடனே பூச்சைக் குற்றம் சொல்லாதீர்கள். நீரூற்றை நிறுத்திவிட்டு, ஒரு வாளியில் அதே மட்டத்துக்கு நீர் நிரப்பி, உள்ளே கல் வைத்துக் குளத்தின் விளிம்போரம் நிறுத்துங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. இந்தக் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது இரண்டேகால் லிட்டர். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் நிரப்பாமல் விட்டுவிடுங்கள். எந்த மட்டத்தில் நீர் நிற்கிறதோ அந்தக் கோட்டில் சுற்றிப் பார்த்தால் ஓட்டை இருக்கும். கொஞ்சம் பாலைச் சொட்டு சொட்டாக அருகில் விட்டால் ஓட்டை இருக்கும் பக்கம் வெள்ளை இழையாக இழுக்கும்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு நீர்மட்டத்தில் வெள்ளைப் படிவம் வரும். அதற்குக் கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள். படிவத்தோடு பூச்சையும் தின்னும். பிளாஸ்டிக் பிரஷ் போதும். அல்லித் தொட்டியின் அடி விளிம்பு நகர்த்தும்போது தளத்தைக் கீறும்; கீழே ஒரு ரப்பர் பாய் போட்டு வையுங்கள். தரைக்குள் இறக்கிக் கட்டிய குளமானால், ஐப்பசி கார்த்திகை மழையில் நிலம் ஊறியிருக்கும்போது முழுக்க வடிக்கக் கூடாது. உள்ளே எடை இல்லாதபோது வெளியிலிருந்து நிலத்து நீர் தள்ளி, நன்றாக இருக்கிற பூச்சைக்கூடச் சுவரிலிருந்து பிரித்துவிடும். கழுவுவதானால் மழைக்கு முன் புரட்டாசியில் முடித்துவிடுங்கள்.