மலிவு டெப்பா, பழைய சாம்சங்கா, வீட்டிலிருக்கும் போனா?

இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு புது டெப். கிளிநொச்சிக் கடையிலும் கேட்டு வாங்கலாம், பேஸ்புக் விளம்பரம் பார்த்து ஓடர் போட்டால் கூரியரிலும் வரும். பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரை வேறெங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். விசுவமடுவிலோ மல்லாவியிலோ உயர்தரம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில், இதை வாங்கிக் கொடுக்கலாமா என்ற பேச்சு எப்படியும் வரும். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசுக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

பிள்ளைக்கு டெப்பில் இரண்டு வேலை. ஒன்று, யாழ்ப்பாணத்து ஆசிரியரின் சூம் வகுப்பு. மற்றது, வட்ஸ்அப்பில் வரும் கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப். சூமைக்கூட எப்படியோ ஓட்டிவிடலாம். வினாத்தாளில்தான் மலிவு டெப் காலை வாரும். 7 அங்குல மலிவு டெப்பின் திரை பெரும்பாலும் 1024க்கு 600 புள்ளிகள் (பிக்சல்கள்). நிமிர்த்திப் பிடித்தால் அகலத்துக்கு 600தான். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடக்கினால், தாளின் ஓர் அங்குலத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 73 புள்ளிகள். ஸ்கான் செய்த தமிழ் வினாத்தாளை அதில் திறந்து பாருங்கள். ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமற்போகும், இரசாயனச் சமன்பாட்டில் கீழே நிற்பது 2ஆ 3ஆ என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். பெரிதாக்கினால் பக்கம் வெள்ளையாக நிற்கும், எழுத்து பிறகுதான் வரும். ராம், அதாவது கருவி வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம், போதாது.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போடலாம். 2023இல் வந்த சாம்சங் டெப் ஏ9 என்றால், 8.7 அங்குலத் திரையின் அகலம் 800 புள்ளி. தாளின் அங்குலத்துக்கு 97 கிடைக்கும். 11 அங்குல ஏ9 பிளஸில் 1200 புள்ளி, அதாவது 145. படிக்கிற பிள்ளைக்கு இதுதான் சரி, ஆனால் புதிதாக வாங்க எல்லா வீட்டாலும் முடியாது. 2019இல் வந்த 10.1 அங்குல டெப் ஏயின் திரையும் அதே 1920க்கு 1200தான். ஆகவே பாவித்த பழைய சாம்சங் ஒன்று, எழுத்தைக் காட்டும் வேலையில் பெட்டி பிரிக்காத பெயரில்லா டெப்பை மட்டுமல்ல, புது 8.7 அங்குலத்தையும் முந்துகிறது. ஆண்ட்ராய்டு 11ஓடு அதற்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது என்பது குறைதான். வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளாமல் படிப்புக்கு மட்டும் பாவித்தால் அது பெரிய தடையில்லை.

பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. ‘8 ஜிபி ராம்’ என்று இருக்கும், உள்ளே 2 ஜிபி இருக்கும், மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்துக் கூட்டிக் காட்டுவார்கள். ‘5ஜி’ என்று போட்டிருப்பது பல டெப்களில் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைத்தான், சிம் போட்டால் 5ஜி வராது. செட்டிங்ஸ் காட்டும் எண்ணையே மாற்றி எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 2023இல் அமெரிக்காவின் இ.எஃப்.எஃப் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு, அமேசனில் விற்ற மலிவான சிறுவர் டெப் ஒன்றை ஆராய்ந்தபோது, தீய மென்பொருளின் தடயம் தொழிற்சாலையிலிருந்தே வந்த கோப்புகளுக்குள் கிடந்தது. பிள்ளையின் கையில் கொடுக்கும் பொருள் அது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் ‘அபௌட்’ பகுதிக்குப் போனால், கருவி கூகுளால் சான்றளிக்கப்பட்டதா இல்லையா என்று அதன் பாதுகாப்புச் சேவையான பிளே புரொடெக்ட் சொல்லும். இல்லை என்று வந்தால் காசை எடுக்காதீர்கள்.

பழுதானால் என்ன செய்வது என்பதை வன்னியில் இருப்பவர் முதலே யோசிக்க வேண்டும். பெயரில்லா டெப்பின் திரை உடைந்தால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதற்குத் திரை தேடிக் களைத்துப்போவீர்கள். கூரியரில் வந்ததைத் திருப்பி அனுப்ப ஒரு செலவு, அதற்காக ஓடித் திரிய ஒரு நாள், அது கூலி இல்லாத நாள். சாம்சங்குக்குத் திரையும் பற்றரியும் தேடி எடுக்கலாம்.

பாவித்தது வாங்குவதென்றால் உங்கள் கண்முன்னே முழுக்க அழித்து, மறுபடி தொடக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்டு நின்றால் வேண்டாம். சார்ஜர் வயரைக் குத்தி மெல்ல அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் அதுவும் வேண்டாம். சிம் போடும் டெப் என்றால், ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த டெப்பின் 15 இலக்க அடையாள எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிவானதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் வரும்.

இருபதாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லையென்றால்? அப்போதும் அந்த டெப் வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண போனின் அகலமே 720 புள்ளி, அந்த டெப்பைவிடக் கூட. திரை சிறிது என்பதால் முழுப் பக்கம் படிக்க முடியாது, ஆனால் சூமுக்குத் தாராளமாகப் போதும். வினாத்தாள்களைப் போட்டோகொப்பி எடுத்துக் கட்டிக் கொடுங்கள். கரண்ட் போனாலும் படிக்கலாம், விடையைப் பக்கத்திலேயே எழுதலாம்.

ஏற்கனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எறியத் தேவையில்லை. அம்மாவின் கூகுள் கணக்கை அதில் போடாதீர்கள், வங்கி ஆப் ஏற்றாதீர்கள். கல்வி அமைச்சின் இ-தக்சலாவை இணையத்தளத்தில் தமிழிலுள்ள பாடங்களை வேறொரு கருவியில் இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி, வைஃபையை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, பெரிய எழுத்துப் பாடங்களுக்கு, அது உதவும்.