மேடையில் அறிவித்த நன்கொடையை நம்பி இருக்கும் விழாக் கமிட்டிகளுக்கு

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் கான்கிரீட் கூரை போட 5 லட்சம் தருவதாக உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பொங்கல் விழாவில் மைக் பிடித்து அறிவித்தார். உடனே பொன்னாடை, மறுநாளே பஸ் ஸ்டாப்பில் அவர் கும்பிடு போடும் ஃப்ளெக்ஸ். அவரே மொத்தமும் தருகிறாரே என்று தலைக்கட்டு வரி வசூலையும் நிறுத்திவிட்டோம். அப்புறம் போகும்போதெல்லாம் "ஒரு இடம் கிரயம் ஆகணும் தம்பி", "ஆடி போகட்டும்". கடைசியில், "என்னமோ கடன் கொடுத்த மாதிரி வந்து நிக்கிறீங்க!" தகரம் ஒழுகிப் பேப்பர் கட்டெல்லாம் ஊறிப் போனதுதான் மிச்சம்.

வீடியோ ஆதாரம் இருக்கிறதே என்று வக்கீலிடம் போனோம். முழுசாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசியிருக்கார், ஆனா கேஸ் நிக்காது" என்றார். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, பிரதிபலன், அதாவது வாக்குக் கொடுப்பவர் கேட்டுப் பதிலுக்குச் செய்வது, இல்லாத வாக்குறுதி செல்லாது. சில விலக்குகள் உண்டு. நெருங்கிய உறவுக்குள் பாசத்தின் பேரில் எழுதிப் பதிவு செய்வது அதில் ஒன்று. ஊருக்குத் தரும் நன்கொடை அதில் வராது, பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் இதே கதைதான். சரி, பொன்னாடையும் ஃப்ளெக்ஸும் பிரதிபலன் இல்லையா? "அவர் கேட்டா போட்டீங்க?" என்றார் வக்கீல். 'என் அப்பா பெயரை வையுங்கள், பணம் தருகிறேன்' என்று அவர் கேட்டு நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் அது வேறு கணக்காம்.

பழைய வழக்கு இரண்டு சொன்னார். ஹவுரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்துப் போட்டவர் பின்வாங்கினார். அந்த நன்கொடைகளை நம்பி ஏற்கெனவே காண்டிராக்டரிடம் ஒப்பந்தம் போட்டிருந்ததால், 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரைப் பணத்தைக் கட்டச் சொன்னது. 1914இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கில், பள்ளிவாசல் பழுதுபார்க்க ஒருவர் சொன்ன 500 ரூபாய் வரவே இல்லை. அதை நம்பி யாரும் எந்த வேலையும் தொடங்கவில்லை, அதனால் அவர் இறந்தபின் அவருடைய வாரிசுகள் தப்பித்தார்கள். நாங்கள் இரண்டாவது ரகம். மேஸ்திரி எஸ்டிமேட் போட்டதோடு சரி.

அதே மனிதர் இப்போது பக்கத்து ஊர்க் கோயில் திருப்பணிக்கும் அறிவித்திருப்பதாகக் கேள்வி. அந்தக் கமிட்டிக்காரர்கள் வசூலை நிறுத்த வேண்டாம். ஸ்தபதிக்கு அட்வான்ஸ் கொடுப்பதானால், 'உங்கள் பணத்தை நம்பித்தான் கொடுக்கிறோம்' என்று முன்கூட்டியே அவருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். போட மாட்டேன் என்றால் அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும்.